மாலை போட்ட இழுவைக் கப்பல்

ஆனையூரில் மாமனார் கட்டிய வீட்டின் மொட்டைமாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. தகரக் கூரை. சித்திரையில் உள்ளே உட்கார்ந்தால் மண்டை கொதிக்கும். அங்கேதான் நான் கப்பல் கட்டுகிறேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிற கப்பல் அல்ல. ரிமோட்டில் ஓடும், திரும்பும், கயிறு கட்டினால் இழுக்கும். வைகை மணலாய்க் கிடக்கிற ஊரில் இது என்ன கிறுக்கு என்று கேட்காதவர் இல்லை. கேட்டவர்களையெல்லாம் வெறுத்துக்கொண்டே கட்டினேன். வெறுப்பு நல்ல பசை. வெயிலிலும் இளகாது.

அந்த அறைமேல் என் மச்சானுக்கு, மனைவியின் அண்ணனுக்கு, நெடுநாள் கண். விசேஷ வீடுகளுக்குப் பிளாஸ்டிக் சேர் வாடகைக்கு விடுகிறவர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் அத்தனை சேரையும் அடுக்க அவருக்கு இடம் வேண்டும்.

கடைசியாகக் கட்டியது ஓர் இழுவைக் கப்பல். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துக்கொண்டு போகுமே, அந்த வகை. பிவிசி பைப்பைக் கீறி அனலில் விரித்து ஒட்டிய உடம்பு. அடியில், சிம்மக்கல்லில் வாங்கிய ஈயக்குண்டுகள். பின்னால் விசிறி. அதைச் சுழற்றும் கம்பி வெளியே வருகிற ஓட்டையில் தண்ணீர் நுழையாமலிருக்கக் குழாய் நிறைய கிரீஸ். முன்னால் ஒரு தண்ணீர்ப் பீரங்கி. உள்ளே கசிகிற நீரை மோட்டார் உறிஞ்சும், குழல் பீய்ச்சி அடிக்கும். குழலை ரிமோட்டில் எந்தப் பக்கமும் திருப்பலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். என் தட்டிலிருந்த தோசையைப் பிய்த்துக்கொண்டே பேசினார்.

"மாப்ள, கண்மாயில தண்ணி கெடக்கு. எறக்குங்க. கரைக்குத் திரும்பி வந்துச்சுன்னா ரூமு ஒங்களுக்கு. முங்குச்சுன்னா அன்னைக்கே சேரை ஏத்திருவேன்."

"விடுங்களேன், ரெண்டுல ஒண்ணு முடிஞ்சிரட்டும்" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடி. சரி என்றேன்.

கண்மாய்க் கரைக்கு மச்சான் மாலையோடு வந்தார். எலுமிச்சம்பழமும் இருந்தது.

"சக்கரமே இல்லாத வண்டிக்குப் பழத்தை எங்கிட்டு மாப்ள வைக்க?"

"ஒங்க வாயில வைங்க மச்சான்."

சிரித்துக்கொண்டே மாலையைப் புகைபோக்கியில் சுற்றிப் பின்பக்கம் இறுக்கி முடிந்தார். நான் அவிழ்க்கப் போனேன். மனைவி கையைப் பிடித்தாள். "சாமிக்கு வச்சு எடுத்த மாலை. ஓடுறதுக்கு முன்னாடி அவுத்தா வெளங்குமா?" இந்த ஊரில் லாரியும் ஆட்டோவும் டிராக்டரும் மாலை வாடி உதிரும்வரை போட்டுக்கொண்டுதான் ஓடுகின்றன. அவற்றுக்குத் தண்ணீருக்கடியில் விசிறி இல்லை. சொன்னேன். யார் கேட்டார்கள்?

கப்பல் போனது. என்ன அழகாகப் போனது! பச்சைத் தண்ணீரைக் கிழித்து, எங்களுக்கு முதுகைக் காட்டி, நடுக்கண்மாய்க்கு. அங்கே போய் இருமியது. நின்றது. மாலை கட்டிய வாழைநார் நனைந்து நழுவி விசிறியில் சுற்றிக்கொண்டது. நார் கம்பியோடு சேர்ந்து குழாய்க்குள் ஏற, கிரீஸ் பிதுங்கி எண்ணெய்த் திட்டாக மிதந்தது. பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

செருப்பைக் கழற்றினேன். கரைமேல் பைக் வந்து நின்றது. மீன் குத்தகைக்காரர்.

"யாருய்யா அது? மீன்குஞ்சு விட்டுருக்கேன். தண்ணியில கால வச்ச, நடக்குறதே வேற."

"அண்ணே, நம்ம தங்கச்சி மாப்ளதான்" என்றார் மச்சான். "கொஞ்சம் ஒரு மாதிரி. நீங்க எறங்க விடாதீங்க, முங்கட்டும்." குத்தகைக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போனவை இவருடைய சேர்கள். இருவரும் தோளில் தட்டிச் சிரித்தார்கள்.

நான் பீரங்கியை இயக்கினேன். முங்குவதையாவது தள்ளிப்போடலாம் என்றுதான். உள்ளே புகுந்த தண்ணீர் குழல் வழியாக அக்கரையைப் பார்த்துப் பாய்ந்தது. "காறித் துப்புது பாருங்கண்ணே!" என்று மச்சான் குனிந்து குனிந்து சிரித்தார்.

அப்போது பார்த்தேன். துப்பத் துப்பக் கப்பல் பின்னால் நகர்ந்தது. எங்களை நோக்கி. ஒரு சாண் இருக்கும்.

உள்நீர் தீர்ந்ததும் நின்றுவிட்டது. காத்திருந்தேன். அது கொஞ்சம் முங்க வேண்டும், முங்கினால்தான் துப்ப முடியும். பின்பக்கம் அமிழ்வதைப் பல்லைக் கடித்துப் பார்த்திருந்துவிட்டு மறுபடி இயக்கினேன். இன்னொரு சாண். முங்கல், துப்பல், முங்கல், துப்பல். வெயிலில் என் முதுகு காய்ந்து எரிந்தது. குத்தகைக்காரர் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்தார். மச்சான் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மனைவி மட்டும், "இன்னும் கொஞ்சம் முங்க விடுங்க, அவசரப்படாதீங்க" என்றாள். அன்று அவள் என் பக்கம் நின்று சொன்ன ஒரே சொல் அதுதான்.

கப்பலின் பின்புறம் கரைச்சேற்றில் முட்டியது. மாலையில் ஒரு பூ மிச்சமில்லை.

"வந்துருச்சு மச்சான்."

"பின்பக்கமா வந்ததெல்லாம் கணக்குல சேராது மாப்ள. ஓடி வரணும். இது ஒழுகி வந்திருக்கு."

வெள்ளை வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கப்பலின் அருகே குனிந்தார். குழலை மெதுவாகக் கரைப்பக்கம் திருப்பினேன். உள்ளே இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது.