லண்டன் நூலகத்தில் என் முப்பாட்டனைத் தேடியபோது

எங்கள் குடும்பத்துக்கு ஒரு பெருமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் வைத்த அமெரிக்க வாத்தியாரிடம் முதலில் படிக்கப் போனவர் என் முப்பாட்டன்தானாம். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லாமல் நான் சோற்றில் கை வைத்ததில்லை. அந்தப் பள்ளியின் லண்டன் பழைய மாணவர் சங்கத் தலைவர் சிவநேசன் அண்ணை சென்ற மாதம் பிடித்துக்கொண்டார்: "விழாவிலை நீர்தான் பேச்சாளர். ஆதாரத்தோடை வாரும்." வாத்தியாரின் கடிதங்கள் நகர நடுவில் ஒரு நூலகத்தில் இருக்கின்றன. விழாவுக்கு முந்திய வியாழன் புறப்பட்டேன்.

கோலியர்ஸ் வுட்டில் 9.42க்கு ரயில். கென்னிங்டனில் மாறி, குட்ஜ் ஸ்ட்ரீட்டில் இறங்க 10.20. பிறகு அரை மைல் நடை. என் வயிற்றளவுக்குப் பதினெட்டு நிமிடம். அனுமதி இலவசம். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் தருகிறார்கள். படம் எடுக்க விடமாட்டார்கள்.

வாத்தியார் சும்மா ஆளில்லை. பதினொரு வருடம் நம்மூரில் படிப்பித்துவிட்டு, ஊர் திரும்பித் தேர்தலில் நின்று, தன் மாநிலச் சட்டசபைக்கே போயிருக்கிறார். கையெழுத்துத்தான் கோழிக் கிறுக்கல். மத்தியானம் இரண்டு மணிக்கு முப்பாட்டன் அகப்பட்டார்.

தாழ்ந்த சாதி என்று ஊர் ஒதுக்கிய ஒரு பிள்ளையை, வாத்தியார் மற்றவர்களோடு ஒரே வாங்குப் பலகையில் உட்கார வைத்திருக்கிறார். முதலில் எழும்பி வெளியே போனவர் என் முப்பாட்டன். பின்னால் வகுப்பே போனது. ஆறு நாள் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் பாடம் நடந்தது. பிற்காலத்தில், விடுதலையான அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்று சட்டசபையில் வாதாடியபோது, முப்பாட்டன் எழும்பிப் போன அந்த வாங்கைத்தான் வாத்தியார் உதாரணம் காட்டியிருக்கிறார். அமெரிக்கச் சட்டசபை வரை போன முதல் யாழ்ப்பாணத்தான் எங்கள் ஆளாகத்தான் இருக்கும். போன விதம்தான் சரியில்லை.

அண்ணைக்குப் போன் பண்ணினேன்.

"உந்தக் கதையை வாசிச்சீரெண்டால் சனம் எழும்பிப் போயிடும்."

"போனால், பரம்பரை மாறேல்லை எண்டு தெரியும், அண்ணை."

"பகிடி விடாதையும். உமக்குப் பொன்னாடை வேறை சொல்லி வைச்சிருக்கிறன்."

பொன்னாடையில் ஆசையில்லை என்றால் பொய். வெள்ளி, சனி இரண்டு நாளும் அந்தப் பகுதியைப் பேச்சிலிருந்து வெட்டினேன், மறுபடி ஒட்டினேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணி, லூயிஷாமில் ஒரு மண்டபம். வாசித்தேன். ஒருவரும் எழும்பிப் போகவில்லை, கை தட்டவுமில்லை. கடைசி வரிசையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, எழும்பிப் போனவரின்ரை பேரைச் சொன்னீர். இருந்த பிள்ளையின்ரை பேர் என்ன?"

கடிதத்தில் பெயர் இருந்தது. கண்ணால் பார்த்தேன். ஆனால் முப்பாட்டனின் பெயரை மட்டும், ஓரெழுத்தும் பிசகாமல், மூன்று இடத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

"தெரியாது, ஐயா" என்றேன்.

நூலகத்துக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டு போங்கள். வேண்டிய பெட்டியை இரண்டு நாள் முன்பே கேட்டு வையுங்கள். உள்ளே குளிர், ஸ்வெட்டர் அவசியம். உங்கள் ஆளைக் கண்ட சந்தோஷத்தில் அடுத்த வரியை விட்டுவிடாதீர்கள்.

நேற்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு மறுபடி போனேன். அந்தப் பிள்ளையின் பெயர் பொன்னன். டிரைவருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, பேனா எடுத்து வந்து எழுதிக்கொண்டார்.