தாலிக்கு முன்னால் வந்த அழுகை

"…எம்பொண்ணு அம்மா கழுத்தக் கட்டிக்கினு அழுவுது, அடுத்த பக்கத்துல மாப்ள தாலி கட்டுறாரு. புடிச்சி இழுத்தாந்து கட்டின மாதிரி இல்ல?" என்றபடி கல்யாண ஆல்பத்தை என் மேசையில் விரித்தார் பெண்ணின் அப்பா.

முத்தியால்பேட்டையில் ஆல்பம் வடிவமைக்கும் கடை என்னுடையது. தப்பும் என்னுடையதுதான். அந்தக் கல்யாணத்தை இரண்டு கேமராவில் எடுத்திருந்தார்கள். ஒன்றின் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால் ஓடியிருக்கிறது. நான் பார்க்காமல், எல்லாப் படங்களையும் நேரப்படி அடுக்கச் சொல்லிக் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டிவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது பெண் அழுத அழுகை, காலைப் பூசைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நாலு வருஷம் காதலித்து, வீட்டில் அடம்பிடித்துக் கட்டிக்கொண்ட பெண் அது.

"சம்பந்தியம்மா பாத்துட்டு, இஷ்டமில்லாத பொண்ண எங்க தலையில கட்டிட்டீங்களான்னு கேக்குறாங்க. ஞாயித்துக்கெழம விருந்துக்கு வரமாட்டேன்றாங்க. எம்பொண்ணு அந்த வீட்லதான தம்பி இருக்கணும்?"

அழுகையைக் கடைசிக்கு நகர்த்தினேன். அதற்கு முந்தைய படத்தில் சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா சிரிக்குது, எம்பொண்ணு அழுவுது. இது இன்னும் மோசம்."

சிரிப்பைப் பின்னால் போட்டேன்.

"இப்ப இவ அழுவுறதப் பாத்து அவங்க சிரிக்கிறாங்க. பழையபடியே வெச்சிட்டு நடுவுல ஐஸ்கிரீம் படம் போடு."

போட்டேன்.

"ஐஸ்கிரீம் தீந்துபோச்சுன்னு அழுவுற மாதிரி இருக்கு தம்பி."

இந்த மாதிரிப் பேச்சுக்காகவே கடையைத் திறந்து வைத்திருக்கலாம்.

"அழுகையவே எடுத்துடலாமாண்ணே?"

"எடுத்துட்டா, பெத்தவங்கள விட்டாப் போதும்னு ஓடின கணக்காயிடும். எம் பொஞ்சாதி என்ன வீட்டுக்குள்ள சேக்கமாட்டா."

பிறகு மவுஸை அவரே பிடுங்கிக்கொண்டு எல்லாப் படங்களையும் புரட்டினார். மத்தியானப் பந்தியில் ஒன்று அகப்பட்டது. பிரியாணியில் பச்சை மிளகாயைக் கடித்துவிட்டுச் சம்பந்தியம்மா கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய உட்கார்ந்திருந்தார்.

"இத வை."

இலை தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி, பெண்ணின் அழுகைக்கு அடுத்து வைத்தேன். மருமகள் அழுவது பொறுக்காமல் மாமியாரும் சேர்ந்து அழுவதாக ஆகிவிட்டது.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ பாசம் வெச்சிருக்காங்க. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

மிளகாய்ப் படத்தைத் தேடி எடுத்தது அவர்தான் என்று நான் ஞாபகப்படுத்துவதற்குள், சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.