கேபிளுக்கு மாறலாம் என்று போனேன்

இன்று ஞாயிறு காலை, டிவியில் வரும் மாதா கோயில் பூசையில் சாமியார் அப்பத்தைத் தூக்கும் நேரம் பார்த்து திண்டிவனத்தில் பலத்த மழை. திரையில் ‘சிக்னல் இல்லை’.

இடுப்பு ஒடிந்து ஒரு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு இப்போது டிவிதான் கோயில். போனில் காட்டினேன்.

"சாமியார் எறும்பாட்டம் தெரியறாருடா. அதுவும் நின்னு நின்னு வர்றாரு. எடுத்துக்கினு போ."

டிஷ்ஷைக் கழற்றிவிட்டுக் கேபிளுக்கு மாறலாம் என்று எங்கள் ஏரியா கேபிள்காரரிடம் போனேன்.

"வேணாம்ணே. உங்க தெருவுல மிச்சம் ரெண்டே வீடுதான். தை மாசத்தோட ஒயரைச் சுருட்டப் போறேன்."

"அப்போ மழை பெஞ்சா நான் இன்னாய்யா பண்றது?"

"நெட் போட்டுக்குங்க."

"யாரு இழுப்பா?"

"நான்தாண்ணே இழுக்கணும். எல்லாரும் போன்லயே பார்த்துக்கினு கிடக்கிறாங்க. உங்க ஒரு வீட்டுக்கு எப்படி இழுக்கிறது?"

முப்பது வருஷமாக மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வியாபாரம் பண்ணுகிறேன். வாங்காதே என்று சொல்லும் வியாபாரியிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: "அடுத்த வாரம் டிவியில பூசை தெரியுமாடா?"

"தெரியும்மா" என்றேன். மழைக்காலம் இப்போதுதான் ஆரம்பம்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் மழையை நிறுத்தி வைக்கிற பேக்கேஜ் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கப்பா.