முதல்வர் என்னை மட்டும் அழைத்த பிறகு

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஓர் அரசுக் கல்லூரியில் பொருளியல் விரிவுரையாளராக இருந்தேன். வீடு திண்டிவனத்தில். என்னைப் போல ஐந்தாறு பேர் தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் ஒரே பெட்டியில் ஏறுவோம். முண்டியம்பாக்கத்தில் சிக்னலுக்காக வண்டி நின்றுவிடும். நாங்கள் கல்லூரிக்குள் ஓடும்போது முதல் பீரியட் பாதி போயிருக்கும்.

இதை யாரிடம் சொல்வது? கல்லூரியின் முந்தைய முதல்வர் ஒருமுறை ஆசிரியர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு மனம் விட்டுப் பேசச் சொன்னார். பேசிய இருவருக்கும் அந்தக் கோடையிலேயே தெற்குக் கோடிக்கு மாற்றல் வந்தது. பேசியதுதான் காரணமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் இனி யாரும் முதல்வர் அறைக்குத் தனியாகப் போகக்கூடாது என்று எங்களுக்குள் பேசி முடிவு செய்தோம். அதை முதலில் சொன்னவர் எங்கள் பெட்டியில் மூத்தவரான வேதியியல் ஆசிரியர்.

புதிய முதல்வர் வந்த சில நாட்களில் பியூன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். "ஐயா உங்கள மட்டும் வரச் சொன்னாருங்க" என்றார் என்னிடம். அந்த 'மட்டும்' எல்லார் காதிலும் விழுந்தது.

முதல்வர் நாற்காலியைக் காட்டினார். நான் அதன் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"ஆசிரியர்களுக்கு என்ன கஷ்டம்னு எங்கிட்ட எடுத்துச் சொல்ல ஒருத்தர் வேணும். நீங்க செய்றீங்களா மேடம்?"

ஏன் நான்? கேட்கத் தைரியம் வரவில்லை. ரயில் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"யார் யாரு ரயில்ல வர்றீங்க?"

பெயர்களை வாங்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. "சில பேர் சார்" என்றேன். அவர் சிரித்தார்.

"சரி, வேணாம். முதல் பீரியட உள்ளூர்ல இருக்கிறவங்களுக்குக் குடுத்துட்டா சரியாப் போச்சு இல்ல?"

இவ்வளவு சுலபமாகவா? பதிலுக்கு இவர் என்ன கேட்கப் போகிறார் என்றே யோசித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரமே புதிய டைம் டேபிள் ஒட்டப்பட்டது. ரயிலில் யாரும் சந்தோஷப்படவில்லை.

"யாரு லேட்டா வர்ற ஆளுங்கன்னு போர்டுலயே ஒட்டிட்டாரு, பாத்தீங்களா? முதல் பீரியட் இல்லாதவன் எல்லாம் ரயில்காரன்" என்றார் வேதியியல் ஆசிரியர். பிறகு என் பக்கம் திரும்பினார். "உள்ள வேற என்னா மேடம் பேசிக்கினு இருந்தீங்க?"

"இது மட்டுந்தான் சார்."

அவர் தலையாட்டிய விதத்தில் நம்பிக்கை இல்லை. அதன் பிறகு நான் ஏறியதும் பேச்சு மழைக்கும் மல்லாட்டைக் கடலை விலைக்கும் மாறிவிடும். தினமும் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்த தாவரவியல் தோழிகூட நடுவில் பையை வைத்துக்கொண்டாள்.

சில மாதங்களில் வேதியியல் ஆசிரியருக்குக் கடலூர்ப் பக்கம் மாற்றல் உத்தரவு வந்தது. ஆசிரியர் அறையில் யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் உள்ளே போனதும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். முதல்வர் மேல் எனக்கும் ஆத்திரமாக வந்தது. என் வாயிலிருந்து எதையோ பிடுங்கி இவரைத் தூக்கிவிட்டாரோ என்று, அன்று பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் வேதியியல் ஆசிரியர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மேடம். எல்லாம் உங்க முதல்வர் ஐயா புண்ணியம். கடலூர்ல இருக்கிற எங்கம்மாவுக்குக் கண்ணு தெரியலீங்க. பக்கத்துல இருந்து பாத்துக்க ஆளு இல்ல. இவரு ரெண்டு மூணு வாட்டி அவரத் தனியாப் போய்ப் பாத்துச் சொன்னாரு. ஜல்தியா மாத்திக் குடுத்துட்டாருங்க."

அந்த நேரம் பார்த்து வேதியியல் ஆசிரியர் கயிற்றுக் கட்டுடன் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். மனைவி காபி போட உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"யார்கிட்டயும் சொல்ல வேணாம் மேடம். தனியாப் போகக்கூடாதுன்னு சொன்னவனே நான்தான்."

"எல்லாரும் என்னைத்தான் சந்தேகப்படறாங்க சார்."

"தெரியும்" என்றார். கயிற்றைத் தரையில் வைத்தார். "நான் போய்ட்டா நாளைக்கே மறந்துடுவாங்க."

காபி குடிக்காமல் கிளம்பினேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை.

அவர் கடலூர் போன பின் ஒரு காலை, ரயிலில் தாவரவியல் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். மயிலம் ஸ்டேஷன் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்:

"இப்படிச் சொல்லுன்னு முதல்வர்தான் சொன்னாராடீ?"

அதற்கு மேல் நான் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஆனால் முதல்வர் அறைக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. பெண் ஆசிரியர்களின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டேன், போட்டார்கள். ஆய்வகத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டேன், இழுத்தடித்துத்தான் வந்தது. ஒவ்வொரு முறை நான் வெளியே வரும்போதும் வராந்தாவில் யாராவது நின்று என் முகத்தைப் படிக்கப் பார்ப்பார்கள். நானும் அவர்கள் முகத்தைப் பார்ப்பேன்: இவர்களில் யார் நேற்று உள்ளே போய் வந்தவர்?