எழுந்து இடம் விட்டவர்கள்

வேலூருக்கு வந்த புதிதில் மின்சார விளக்கைப் பார்த்தோ ஐஸ் போட்ட சர்பத்தைக் குடித்தோ நான் அசந்துபோகவில்லை. அதெல்லாம் ஏற்கெனவே கேள்விப்பட்டதுதான். நான் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துகொண்டார்கள். அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

ஏன் என்று சொன்னால்தான் புரியும். எங்கள் ஊர் ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றங்கரையில். பெரிய தெரு ஆள் எதிரே வந்தால் நாங்கள் பாதையை விட்டு இறங்கி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர் கடந்துபோகும்வரை முள்ளோ சேறோ அங்கேயே நிற்க வேண்டும். என் வயசுப் பையன்களுக்கெல்லாம் என் அப்பா அப்படி இறங்கி நின்றிருக்கிறார். விலகுகிறவர்கள் நாங்கள், நடக்கிறவர்கள் அவர்கள். பிறந்ததிலிருந்து கண்டது இது ஒன்றுதான். அப்படி இருக்க, கஞ்சி போட்ட சட்டைக்காரர் ஒருவர் எனக்காக எழுந்து அப்பால் போனால் நான் என்ன நினைப்பேன்? மரியாதை என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் தெரியாது.

தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப் என்போம். அப்பா அங்கே சுண்ணாம்புக் குழியில் இறங்குகிற ஆள். தோலிலிருந்து களைந்த மயிரை அலசிக் காயவைப்பது அம்மாவின் வேலை. மிஷன் பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டு நானும் அங்கேயே போய்ச் சேர்ந்தேன். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்பதால், மீசை அரும்பிய வயதில் முதலாளி சாயபு என்னை வேலூரில் இருந்த தன்னுடைய கிடங்குக்கு அனுப்பினார். ஆட்டுத்தோலை உரித்து உப்புத் தடவி மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிற கிடங்கு. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுவது பகலில் வேலை. இருட்டியதும் நான் ராஜா.

ராஜா என்று சும்மா சொல்லவில்லை. மார்க்கெட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சு காலியாகிவிடும். டீக்கடைக்காரர் எனக்கு முதலில் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவைப்பார். கோட்டை அகழியோரச் சுவரில் உட்கார்ந்தால் காற்று வாங்க வந்தவர்கள் தள்ளிப்போய் உட்கார்ந்து எனக்குத் தாராளமாக இடம் விடுவார்கள். நாவிதர் மற்றவர்களைக் காக்கவைத்துவிட்டு என்னை முதலில் கூப்பிட்டு, மளமளவென்று முடித்து அனுப்புவார். கூடாரத்தில் பைஸ்கோப்பு காட்டினார்களே, அங்கே பெஞ்சு டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் அந்த பெஞ்சு முழுக்க எனக்குத்தான். காலை நீட்டிக்கொண்டு படம் பார்ப்பேன். சிலர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வேலூர்ப் புழுதியை வேலூர்க்காரனே தாங்கமாட்டேன் என்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

ஷாப்புக்கும் கிடங்குக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவு. வாய்ப்புக் கிடைத்த வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு ரயிலேறிப் போய் அம்மாவிடம் இதையெல்லாம் அளப்பேன். அம்மா கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வாயில் கைவைத்துக் கேட்பாள்.

"எழுந்துக்கறாங்களா? ஒன்னப் பாத்தா?"

"ஆமாம்மா."

"வெள்ளச் சட்ட போட்டவங்களா?"

"கோட்டு போட்டவரே எழுந்து போனார்மா."

"அடி ஆத்தே!"

அதோடு விடமாட்டாள். எந்தப் பக்கமாக எழுந்தார்கள், எழுந்தவர்கள் எங்கே போனார்கள், நான் அப்போது என்ன செய்தேன் என்று திரும்பத் திரும்பக் கேட்பாள். மறுநாள் ஷாப்பில் மயிர் அலசும் பெண்களிடம் போய்ச் சொல்வாளாம். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "பைஸ்கோப்பு கெடக்குது வுடு. எனக்குன்னு ஒருத்தர் எழுந்துக்கறத ஒருவாட்டி நா பாக்கணும்டா. அப்பறம் செத்தாலும் பேஜார் இல்ல."

"பொம்ம ஆட்டத்துக்கு ரயிலு ஒரு கேடா?" என்றார் அப்பா. அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குள் கிடங்கில் மேஸ்திரிக்கும் எனக்கும் தகராறாகி, எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, வேலையை விட்டு நின்றுவிட்டேன். வாடகைக்கு சைக்கிள் விடும் கடையில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே அந்த முதலாளி கிணற்றடியைக் காட்டி, கை நிறையச் சீயக்காயும் தன் பழைய சட்டை ஒன்றும் கொடுத்து, "மொதல்ல நல்லா தேச்சிக் குளி, அப்பறம் பேசலாம்" என்றார். வேலைக்காரனைக் குளிப்பாட்டிச் சட்டை கொடுக்கிற முதலாளி எந்த ஊரில் இருக்கிறான் என்று நான் நெகிழ்ந்துபோனேன். என் பழைய வேட்டியை அவர் குச்சியால் தூக்கித் தெருக்கோடியில் போட்டார். புதுசு வாங்கிக் கொடுக்கத்தான் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

சைக்கிள் கடைக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடையாது. பொங்கலுக்குப் பிறகு ஊர்ப் பக்கம் போகவே முடியவில்லை. கோடை முற்றிய சமயத்தில் ஒன்றைக் கவனித்தேன். என் மரியாதை குறைந்துகொண்டே வந்தது. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் ஒருவரும் அசையவில்லை. பைஸ்கோப்பில் ஒருவன் என் மேலேயே சாய்ந்து உட்கார்ந்து முறுக்கைக் கடித்தான்.

"இன்னாய்யா, இங்க ஆளு குந்தினுருக்கறது தெரியல?" என்றேன்.

"பெஞ்சு இன்னா ஒங்கப்பன் வூட்டுதா?" என்று அவன் இன்னும் கொஞ்சம் நெருங்கிக்கொண்டான்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. குமாஸ்தாவாக இருந்தபோது எழுந்தவர்கள், சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவன் என்றதும் மதிக்கமாட்டேன் என்கிறார்களே என்று பல்லைக் கடித்தேன். கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். அவளுக்காக ஒருவர்கூட எழுந்திருக்காவிட்டால் நான் அளந்ததெல்லாம் பொய் என்று ஆகிவிடும். அவள் ஆசையும் மண்ணாகிவிடும். அந்த வெள்ளிக்கிழமை மட்டும் கடையில் லீவு கேட்டு, வெளுக்கப்போட்டு இஸ்திரி போட்ட சட்டை ஒன்றை இரவல் வாங்கி, தலைக்கு எண்ணெய் தடவி வகிடெடுத்து, கனவான் மாதிரி காட்பாடி ஸ்டேஷனில் போய் நின்றேன்.

ரயில் வந்தது. ஜனங்கள் இறங்கினார்கள். எங்கிருந்தோ ஒரு நாற்றம் வந்து என் முகத்தில் அறைந்தது. ஊறிய தோல், சுண்ணாம்பு, அழுகிய மயிர் எல்லாம் கலந்த நாற்றம். பச்சைத்தோல் மூட்டையைப் பக்கத்தில் எங்கோ இறக்குகிறார்கள் என்று நினைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தேன். மூட்டை எதுவும் இல்லை. நாற்றம் நெருங்கி வந்தது. கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைச் சேலையும் மஞ்சள் பூசிய முகமும் தலை நிறையக் கனகாம்பரமுமாக அம்மா என் எதிரில் வந்து நின்று, என் தாடையைப் பிடித்தாள்.

"எளச்சிட்டியேடா கண்ணு!"

என் கை இன்னும் மூக்கின்மேல் இருந்தது. அதை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பிறந்து வளர்ந்த வீட்டில் ஒருநாள்கூட நான் இதை முகர்ந்ததில்லை. அம்மா மடியில் படுத்திருக்கிறேன், அவள் கையால் உருட்டிக் கொடுத்த கவளத்தைத் தின்றிருக்கிறேன். நாற்றம் என்று ஒன்று இருப்பதாகவே எனக்குத் தெரியாது. வருவதற்கு முன்னால் தேய்த்துத் தேய்த்துக் குளித்திருக்கிறாள், மஞ்சள் பூசிய விதத்திலேயே தெரிந்தது. என்ன குளித்து என்ன, அது தோலுக்குள்ளே இறங்கிவிட்டது.

ஜட்காவில் ஏறினோம். ஜட்காக்காரர் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தலைப்பாகையின் நுனியை இழுத்து மூக்கோடு சுற்றிக்கொண்டார். "பாவம், புழுதி ஒத்துக்கல போலருக்குது" என்றாள் அம்மா. நான் நினைத்துச் சிரித்த அதே புழுதி! பாலாற்றுப் பாலத்தில் வண்டி குலுங்கக் குலுங்க ஒவ்வொன்றாக என் தலையில் வந்து விழுந்தது. டீக்கடைக்காரர் முதலில் கொடுத்து அனுப்பிய டீ, நாவிதரின் அவசரம், கை நிறையச் சீயக்காய், குச்சியில் தொங்கிய வேட்டி. எழுந்துபோன ஒவ்வொரு முகமும் இப்போது வேறு முகமாகத் தெரிந்தது. நான் காலை நீட்டிக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் என்னென்ன பேசியிருப்பார்கள்! அந்த இடத்திலேயே குதித்து ஆற்று மணலில் புதைந்துவிடலாம் போல் இருந்தது.

"ஏன்டா பேசமாட்ற?" என்றாள் அம்மா.

"இன்னிக்கி பைஸ்கோப்பு இருக்குதோ இல்லியோ. கோட்டையப் பாத்துட்டு சாயங்கால வண்டிக்கே கெளம்பிடலாமா?"

"கோட்ட எங்க ஓடிடப்போவுது? நா எதப் பாக்க வந்தேன்னு ஒனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எதிரே எனக்குப் பொய் வரவில்லை.

இருட்டியதும் பைஸ்கோப்புக் கூடாரத்துக்குப் போனோம். தரை டிக்கெட்டில் பெண்களுக்குத் தனியாகக் கயிறு கட்டியிருந்தார்கள். பெஞ்சு டிக்கெட்டில் குடும்பமாக வருகிறவர்கள் சேர்ந்து உட்காரலாம். ஸ்டேஷனுக்குப் போகும்போது, ஒருவராவது எழுந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டவன் நான். கூடாரத்துக்குள் நுழையும்போது, ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது என்று அதே சாமியை வேண்டினேன். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஏற்கெனவே ஆட்கள் இருந்த ஒரு பெஞ்சாகப் பார்த்துப் போனாள். காலி பெஞ்சு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டாள். ஓரத்தில் பொட்டுப்போல உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்தவர் முதலில் திரும்பினார். அப்புறம் அவர் மனைவி. அப்புறம் அடுத்தவர். வரிசையாக எழுந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் மணவறையில் உட்காரவைத்த மாதிரி அவளுக்குக் கூச்சம், கண்ணெல்லாம் தண்ணீர். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ, ஒக்காருங்க சாமி, நீங்க ஒக்காருங்க. நா இப்டி ஓரமாவே குந்திக்கறேன்."

கடைசியாக எழுந்தவர் கஞ்சி போட்ட சட்டைக்காரர். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்து அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நடுவில் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். அவருக்கு வலித்திருக்கும், நன்றாகவே அழுத்தினேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, முணுமுணுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனார். அதற்குள் ஆர்மோனியக்காரர் வாசிக்கத் தொடங்கினார்.

"இன்னாடா சொன்னாரு?"

"பெரியம்மா நல்லா சாஞ்சி ஒக்காருங்கன்னாரும்மா."

"பாத்தியா, எவ்ளோ நல்ல மனுசரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ சொன்னப்ப, புள்ள ஆசைக்கு அளக்குதுன்னுதான்டா நெனச்சேன். நெஜமாவே எழுந்தாங்க. கண்ணால பாத்துட்டேன்."

விளக்கை அணைத்தார்கள். வெள்ளைத் துணியில் குதிரைகள் ஓடின. கதை சொல்லும் ஆள் திரையோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது.

"ஏன்டா அங்க போய்க் குந்தினுருக்கற?"

அப்போதுதான் பார்த்தேன். நான் பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தேன். எப்போது நகர்ந்தேன் என்று சத்தியமாகத் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் ஒரு குடும்பமே உட்காரலாம்.

"அவங்கல்லாம் அந்நியம், எழுந்தாங்க, சரி. பெத்த புள்ள நீ. எனக்கு இன்னாத்துக்கு மரியாத பண்ற? கிட்ட வாடா" என்று பெஞ்சைத் தட்டினாள்.

போனேன். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கால் மூச்சு விட முடியவில்லை. படம் முடியும்வரை வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, திரையைவிட்டு முகத்தைத் திருப்பாமல் இருந்தேன்.

அம்மா நடுவில் ஒருமுறை என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை.

"அடப்பாவி, இத்தினி நாளா பாக்கற, நீயே இப்டி வாயப் பொளந்துக்கினு அழுவற. எங்க ஷாப்புப் பொம்பளைங்க வந்தா இன்னா ஆவாங்க! அடுத்த வாட்டி எல்லாரையும் இட்னு வர்றேன் இரு" என்றாள்.