இத்தாலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டம்

காற்பந்தில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த ஞானத்தை யாரும் சந்தேகப்பட வேண்டாம். இத்தாலி உலகக் கிண்ணத்தை வென்ற வருஷம், இத்தாலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் கை காட்டக்கூடியவர் எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் இத்தாலிக்காரன் எதிராளியின் சட்டையைக் கிழிய இழுத்ததை நடுவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா, பார்த்தும் கண்டுகொள்ளாமல் விட்டாரா என்று என் அப்பாவும் மாமாவும் அடுத்த வருஷம் வரைக்கும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இருவருமே இத்தாலி ரசிகர்கள். அதுதான் பிரச்சினையே. வேறு வேறு நாட்டை ஆதரித்திருந்தால் ஒருவரை ஒருவர் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்கள். அப்பாவுக்கு இத்தாலி என்றால் அந்த வயதான கோல்கீப்பரும் அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்களும்தான். மாமாவுக்கு இத்தாலி என்றால் கோல் போட்ட ஒல்லிப்பிச்சான். அவன் இல்லை என்றால் உங்கள் கிழவன் கிண்ணத்தைத் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்பான் என்பார் மாமா. கிழவன் இல்லை என்றால் உன் ஒல்லிப்பிச்சான் போட்ட கோல் கணக்குக்கே வந்திருக்காது என்பார் அப்பா. இதற்குள் சோறு ஆறிவிடும்.

எங்கள் தோட்டம் ஈஜோக் பக்கம், செம்மண் சாலையில் உள்ளே போக வேண்டும். தோட்டத்துக்கு இரண்டு பிரிவு: மேல் டிவிஷனில் ரப்பர், கீழ் டிவிஷனில் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நாங்கள் மேல் டிவிஷன் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் இருந்தோம். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அம்மா பிறந்து வளர்ந்தது கீழ் டிவிஷனில். அம்மாவின் ஒரே தம்பிதான் மாமா. அவர் அங்கே செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார், அந்த டிவிஷன் காற்பந்துக் குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் இரண்டு டிவிஷனும் மோதும். அந்த ஆட்டத்துக்கு நடுவராக யாரை வைப்பது என்பதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேறு எந்தத் தோட்டத்திலும் இது இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு டிவிஷனில் குடியிருந்து, மற்ற டிவிஷனில் பெண் எடுத்தவர் எவரோ அவர்தான் விசில் பிடிக்க வேண்டும். வெளியூர் ஆளைக் கூப்பிட்டால் அநியாயமாக ஊதிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவான். பெண் எடுத்தவன் எங்கே போவான்? மனைவி டிவிஷனுக்கு எதிராக ஊதினால் வீட்டில் சோறு கிடைக்காது, சொந்த டிவிஷனுக்கு எதிராக ஊதினால் வெளியே தலைகாட்ட முடியாது. ஆகவே நியாயமாக ஊதுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியே இல்லை. இப்படித்தான் பெரியவர்கள் யோசித்தார்கள். அப்பா கல்யாணமான வருஷத்திலிருந்து விசில் அவர் கழுத்தில்தான். அம்மாவும் ஆட்டம் பார்க்க வந்தால் நடுக்கோட்டுக்கு நேராகத்தான் உட்காருவார்.

அந்த வருஷத்துக் குழப்பம் நீலத்தில் ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்து மண்டபத்துத் தொலைக்காட்சி கறுப்பு வெள்ளை, அதில் இத்தாலி சாம்பல் நிறத்தில்தான் ஜெயித்தது. சட்டை உண்மையில் நீலம் என்பது ரவாங் டவுனில் ஒரு முடிதிருத்தும் கடையில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பார்த்தவர் மாமா. கீழ் டிவிஷன் குழு வெள்ளைப் பனியன்களைச் சலவை நீலத்தில் ஊற வைத்து இரகசியமாக இத்தாலியாக மாறியது. ஆனால் ரவாங்கில் முடி வெட்டிக்கொள்ளும் உரிமை மேல் டிவிஷனுக்கும் இருந்தது. அவர்களும் அதே படத்தைப் பார்த்து, கீழ் டிவிஷன் வாங்கிய அதே மளிகைக் கடையில் நீலம் வாங்கி, அதே இரகசியத்தைக் காத்தார்கள். கடைக்காரருக்கு எல்லாம் தெரியும். நல்ல வியாபாரத்தை வாயைத் திறந்து கெடுப்பானேன் என்று இருந்துவிட்டார்.

ஆட்டத்தன்று திடலின் இரண்டு பக்கத்திலிருந்தும் இத்தாலி இறங்கியது.  எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒரு பக்கத்தார் சட்டையைக் கழற்றிவிட்டு ஆடட்டும் என்றார் கோவில் தலைவர். கழற்றுபவன் இத்தாலி இல்லை என்று ஆகிவிடும், யார் சம்மதிப்பார்கள்? கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஜெயிக்கிற டிவிஷன்தான் இனிமேல் நீலம் போடலாம். சமமாக முடிந்தால், போன வருஷம் கிண்ணம் எடுத்த மேல் டிவிஷனுக்கே கிண்ணமும் நீலமும்.

"எல்லாம் ஒரே கலரா இருக்கே, எப்படி ஊதுவீங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"பொறந்ததுலேருந்து பாத்த மூஞ்சிங்க. மூஞ்சியப் பாத்து ஊதறேன் லா," என்றார் அப்பா.

இரண்டாம் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. சலவை நீலம் துணியில் நிற்கிற சாயம் இல்லை. கழுத்து, கை, முழங்கால் எல்லாவற்றிலும் நீலம் வழிந்தது. சேறு வேறு. அப்பா நம்பியிருந்த மூஞ்சிகள் அதற்குள் காணாமல் போயின. இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், மூலையிலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. கோல் வாசலில் நீலமாக ஒரு கூட்டம் எம்பியது. அடுத்த நொடி பந்து கம்பத்தைத் தாண்டி உள்ளே கிடந்தது. கீழ் டிவிஷன் மாமாவைத் தூக்கிக்கொண்டது. அப்பா விசிலை ஊதித் தன் முன்கையைத் தொட்டுக் காட்டினார். கையில் பட்டது, கோல் இல்லை.

மாமா கீழே இறங்கி நேராக அப்பாவிடம் வந்தார்.

"நெஞ்சுல வாங்கிப் போட்டேன் மச்சான்."

"கை பட்டுச்சு மாப்ள. நான் பாத்தேன்."

"அங்க கை நெறைய இருந்துச்சு. பட்டது யாரு கை? எல்லாக் கையும் நீலமாத்தான இருக்கு."

"விசில் ஊதியாச்சு," என்றார் அப்பா. நடுவர்கள் வேறு என்ன சொல்ல முடியும் என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் சமமாக முடிந்தது, நீலம் மேல் டிவிஷனுக்குப் போனது. மாமா இரண்டு டிவிஷனும் கேட்கும்படி, "இனிமே அந்த வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். நடுக்கோட்டுக்கு நேராக உட்கார்ந்திருந்த அம்மா குடையை மடக்கினார். மழை விடவில்லை.

மாமா யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது. அடுத்த ஞாயிறு என் தம்பிக்குக் காது குத்து. ரவாங்கிலிருந்து ஆசாரி வரச் சம்மதித்திருந்தார், லயம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது எப்படி? அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பெண் சொன்னதற்கு அம்மா, "எனக்குத் தம்பி செத்தா போயிட்டான்?" என்று கேட்டார். அந்த வாரம் அம்மா வாய் திறந்து பேசியது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் சட்டி பானைகள் பேசின.

அப்பா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. ஒரு நாள் சாயங்காலம் என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திடலுக்குப் போனார். பந்தை என்னிடம் கொடுத்து, கோல் வாசலில் நின்று மேலே தூக்கிப் போட்டு, ஒரு தடவை நெஞ்சிலும் ஒரு தடவை கையிலுமாக மாற்றி மாற்றி வாங்கச் சொன்னார். அவர் தூரத்தில், அன்று நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டார்.

"இப்ப கை," என்பார்.

"இல்லப்பா, நெஞ்சு," என்பேன்.

"இது நெஞ்சு."

"இல்ல, கை."

எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அப்பா தப்பாகச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நானும் கையை நெஞ்சோடு ஒட்டி வைத்து அவரை இன்னும் ஏமாற்றினேன். கொஞ்ச நேரத்தில், "போதும், வா," என்றார். திரும்பும் வழியில் கோவில் தலைவர் வீட்டில் நிறுத்தி, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கொடுத்தார். "வேற ஆளப் பாத்துக்குங்க. எனக்குக் கண்ணு சரியில்ல," என்றார். அப்பாவின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்குத் தெரியும். இருட்டில் லோரியை முன்விளக்கு இல்லாமலே கொட்டகைக்குள் விடுகிறவர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வந்துவிட்டார். சொந்தம் வந்துவிட்டது. மாமா வரவில்லை. அம்மா புதுச் சேலையில் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். எனக்கு அழுகை முட்டியது. தம்பிக்குக் காது குத்தாமல் போய்விடுமோ என்பதற்காக இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான்.

அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மாமா, பின்னால் அத்தை, அத்தையின் மடியில் சீர்த்தட்டு. அத்தை இறங்கி நேராக வீட்டுக்குள் வந்தார். மாமா படிக்கு முன்னால் நின்றுவிட்டார். சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே.

"அக்கா, ஒரு நாற்காலி எடுத்து வாசல்ல போடு. படிய மிதிக்க மாட்டேன்னுதான் சொன்னேன். என் மருமவனுக்குக் காது குத்த மாட்டேன்னு சொல்லல."

அப்படியே நடந்தது. லயத்து வாசலில், வெயிலில், நாற்காலியில் உட்கார்ந்த மாமாவின் மடியில் வைத்துத் தம்பிக்குக் காது குத்தினார்கள். தம்பி கத்திய கத்தலில் கீழ் டிவிஷனில் இருந்தவர்களுக்கும் சேதி போயிருக்கும். காலை உதைத்து, கையை வீசி, மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். மாமா அவனை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விருந்தும் மாமாவுக்கு வாசலிலேயே. அப்பாதான் இலை போட்டார், அப்பாதான் கறி ஊற்றினார். கேட்காமலே இரண்டாம் தடவையும் ஊற்றினார்.  இரண்டு டிவிஷன் ஆட்களும் சாப்பிட மறந்து இந்த இருவரையே பார்த்தார்கள்.

சாப்பிட்ட கையோடு மாமா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனார். அப்பா அங்கே அண்டாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கோழிக் கூண்டுக்குப் பின்னால், யாருக்கும் கொடுக்காமல் இரண்டு லட்டு தின்றுகொண்டிருந்தேன்.

மாமா கையைக் கழுவிக்கொண்டே, "விசிலத் திருப்பிக் குடுத்துட்டீங்களாம்," என்றார்.

அப்பா குனிந்து அண்டாவைக் குழாய்க்கு நேராக நகர்த்தினார்.

"அது என் கைதான் மச்சான்."

அப்பா நிமிர்ந்தார். "நெசமாவா மாப்ள?"

"நெசமாத்தான். கை தன்னால போயிருச்சு. நீங்க ஊதினது சரி. ஆனா வெளிய சொல்ல மாட்டேன், எங்க பசங்க என்ன லயத்துல வைக்க மாட்டானுங்க."

"சொல்ல வேணாம். யாருக்கும் சொல்ல வேணாம்." அப்பா அண்டாவை விட்டுவிட்டு மாமா பக்கம் வந்தார். "எனக்குத் தெரிஞ்சா போதும். உனக்கு அநியாயம் பண்ணிட்டனோன்னு ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல மாப்ள."

"வர்ற வருஷமும் நீங்கதான் ஊதணும். வேற எவன் ஊதினாலும் நான் எறங்க மாட்டேன்."

அண்டா நிறைந்து தண்ணீர் வழிந்து இருவர் காலையும் நனைத்தது. அப்பா குழாயை மூடவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு இருவரும் அந்த வயதான கோல்கீப்பரைப் பற்றிச் சண்டையை ஆரம்பித்தார்கள்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். இவ்வளவு பெரிய சேதி என் ஒருத்தியிடம் இருப்பது தாங்கவில்லை. அம்மாவும் அத்தையும் மட்டும்தான் அங்கே இருந்தார்கள்.

"மாமாவே அப்பாகிட்ட சொல்லிட்டாங்க, கையிலதான் பட்டுச்சாம்," என்றேன்.

அத்தை பாயசத்தைக் கிண்டிக்கொண்டே சிரித்தார். "கையிலயா? நெஞ்சு நடுவுல வட்டமா கன்னிப்போயிக் கெடக்கு அண்ணி. மழையில ஊறின பந்து, கல்லு கணக்கா வந்து விழுந்திருக்கு. அன்னிக்கி வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டுனப்பவே பாத்தேன். வாரம் பூரா நான்தான் ஒத்தடம் குடுக்கறேன். இப்பக்கூடப் புள்ள ஒதைச்சப்ப மூச்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. சன்னல் வழியாகக் குழாயடியைப் பார்த்தார். அப்பா ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அத்தை சொன்னத உங்கப்பாகிட்ட சொல்லக் கூடாது. எப்பவும் சொல்லக் கூடாது. தெரியுதா?"

தெரிகிறது என்று தலையை ஆட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. செய்த தப்பையே அடி விழுந்த பிறகுதான் ஒப்புக்கொள்கிற வயது எனக்கு. செய்யாத தப்பை, யாரும் அடிக்காமலே, ஒருவர் வலியப் போய்ச் செய்தேன் என்று சொல்வார் என்பது என் மண்டைக்குள் நுழையக்கூட இல்லை. மாமா திடலில் சொன்னதுதான் பொய், குழாயடியில் சொன்னதுதான் உண்மை என்று முடிவு செய்தேன். நெஞ்சில் இருக்கும் காயம், வேலையில் செம்பனைக் குலை விழுந்து பட்டதாக இருக்கும், அத்தைக்குத்தான் விவரம் போதவில்லை. துளிச் சந்தேகமும் இல்லாமல் இப்படி ஒரு தீர்ப்பைக் கொடுத்துவிட்டு, பாயசத்துக்குக் கிண்ணத்தை நீட்டினேன்.