கச்சிராயபாளையம் பஸ்ஸில் பாதிப் படம்

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதும் மொபைலில் ஒரு வெளிநாட்டுப் படம் பார்க்க ஆரம்பித்தேன்.

பாஷை தெரியாத நாட்டுக்கு வேலைக்கு வந்த ஒரு பெண், ரயில்வே ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளிடம் பேசவில்லை.

பக்கத்து சீட் அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"இவ்ளோ நேரமா உக்காந்துகினு இருக்குதே, சாப்டுச்சா?"

"தெரியலக்கா."

"எம் பொண்ணும் போன வாரந்தான் மலேசியா போச்சு."

படத்தில் ஒரு ஆள் வந்து அவள் எதிரே நின்றான். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, எறங்கலியா?" என்று அக்காவின் ஸ்டாப்பில் கண்டக்டர் கத்தியும் அவர் எழவில்லை.

அந்த நேரம் பார்த்து சார்ஜ் தீர்ந்துபோனது.

"அந்தாளு நல்லவன்தான?"

"நல்லவன்தான்க்கா" என்றேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார்.

சார்ஜ் ஏறி ஒரு மணி நேரமாகிறது. மீதியைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் பொய் சொல்லவில்லையே?